நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாகிற கழுதை

கால்நடை மருத்துவமனையில் எல்லோரும் அவளைக் கட்டுக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தெட்டு. வருகிற பிராணியைப் பிடித்துக்கொள்வது, வாயைக் கட்டுவது, புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போடுவது, பிறகு இரும்பு மேசையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவது, இவ்வளவுதான் வேலை. டாக்டர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிப் போனார்கள். அவள் மட்டும் இருபத்தாறு வருடமாக அதே மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கடிக்கிற நாய், முட்டுகிற கிடா, பிறாண்டுகிற பூனை, எதைக் கண்டும் அவளுக்குப் பயமில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர்களைத்தான் சகிக்க முடியவில்லை.

ஒருநாள் ஒருவர் தன் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். குழந்தை மாதிரி வளர்த்தேன் என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் நாயின் காது மடலைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே உண்ணிகள் கொத்துக் கொத்தாக, குடும்பம் குட்டியோடு உட்கார்ந்திருந்தன.

“குழந்தை காதுல இத்தனை இருந்தா பாத்திருப்பீங்கல்ல?” என்றாள்.

அவர் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, புகார்ப் புத்தகம் எங்கே என்று கேட்டார். அவளே எடுத்துக் கொடுத்தாள். பேனாவும் கொடுத்தாள். அந்தப் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் அவளைப் பற்றித்தான் இருந்தன.

அழுகிறவர்களிலேயே அவளுக்குக் கொஞ்சமும் ஆகாதவர்கள், அந்த நாவலைப் படித்துவிட்டு அழுகிறவர்கள். ஒரு சிறுமிக்கும் ஒரு கழுதைக்கும் உள்ள நட்பைச் சொல்கிற சிறுவர் நாவல் அது. வெளிவந்து இருபத்தோரு வருடம், இருபத்து நான்கு பதிப்பு. பள்ளிக்கூடங்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்த பெரியவர்கள், பிள்ளை எழுந்து விளையாடப் போன பிறகும் தாங்களே தொடர்ந்து படித்து மூக்கைச் சிந்தினார்கள். மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாகூட மருந்து அறையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுக் கண் சிவந்து வெளியே வந்தாள். நீங்க கட்டாயம் படிக்கணும் அக்கா என்றாள். நேரமில்லை டாக்டர் என்று சொல்லிவிட்டு, கட்டுக்கார அக்கா ஓர் ஆட்டின் பின்னங்காலை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நாவலை எழுதியவர் அவளுடைய தாய்மாமா. அதில் வருகிற சிறுமி அவள்தான். இது மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துபோனால் இடமாற்றம் கேட்டுவிடுவது என்று எப்போதோ முடிவுகட்டியிருந்தாள்.

புத்தகம் வந்த புதிதில் மாமா அவளுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில், நம் அருமை நண்பனின் நினைவாக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ‘நம்’ என்ற சொல்லை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

கதையில் வந்த கழுதை பால் மாதிரி வெள்ளை. நீண்ட இமைகள். சிறுமி பேசினால் தலையாட்டும், அவள் அழுதால் தோளில் முகம் வைக்கும். சிறுமிக்கு இரட்டைப் பின்னல், ரிப்பன். அவளுக்கு ஒரு முரட்டு அப்பா. அந்த வீட்டில் இளகிய மனசுக்காரனான ஓர் இளைஞன், கவிஞன், சிறுமியின் மாமா. ஏழைக் குடும்பத்துக்குத் தான் பாரமாக இருக்கிறோம் என்பது கழுதைக்கு ஒருநாள் புரிந்துவிடுகிறது. கொட்டுகிற மழையில் அது தானாகவே வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. கவிஞன் மூன்று நாள் காய்ச்சலோடு தேடி அலைந்து, சாலையோரத்தில் விழுந்து கிடக்கிற கழுதையைக் கண்டுபிடிக்கிறான். சிறுமி ஓடிவந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள, அதன் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு வழிகிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கடைசி வரியில், கழுதை செத்துப்போகிறது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கழுதை மழையில் இறங்காது. வாசலில் தேங்கிய ஒரு சாண் தண்ணீரைத் தாண்ட வைக்கவே பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டும். இதுகூடத் தெரியாத மனிதர் கழுதையைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருந்தார்!

நடந்தது வேறு.

அவளுடைய அப்பா செங்கல் சூளையில் கழுதை ஓட்டினார். கழுதைகள் முதலாளியுடையவை. களத்தில் காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லை அவற்றின் முதுகில் இரண்டு பக்கமும் சாக்குப்பையில் ஏற்றிச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கழுதையை வீட்டருகே கட்டிப் பார்த்துக்கொள்வது வழக்கம். அவர்கள் வீட்டுக்கு வந்தது சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்த, எட்டு வயதுக் கழுதை. அதற்கு மேஸ்திரி என்று பெயர். மற்ற கழுதைகள் நடக்கும்போது இது மட்டும் தலையைத் தூக்கி, நடுக்களத்தில் நின்று, எல்லாரும் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கும். சூளையின் நிஜ மேஸ்திரிக்கு இந்தப் பெயர் வைத்ததில் ஏக வருத்தம். ஆனால் யார் வைத்தார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பின்னலும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. பேன் தொல்லைக்காக அம்மா ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். மேஸ்திரி அவள் சொன்ன எதற்கும் தலையாட்டியதில்லை. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அது வேறு பக்கம் பார்க்கும். எழுந்து போனால் கத்தும். திரும்பி வந்தால் மறுபடியும் வேறு பக்கம் பார்க்கும். ஒருமுறை முழங்கைக்குக் கீழே நன்றாகக் கடித்தும் வைத்தது. அதன் முதுகில் பை உரசி உரசி இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவள் ஈ ஓட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். ஈ ஓட்டுகிற கையை அது கடிக்காது. இதுதான் அவர்களுக்கிடையே இருந்த ஏற்பாடு. இதை நட்பு என்று அவள் அன்றைக்கு நினைத்ததில்லை. வேறு எதுவென்றும் நினைத்ததில்லை.

மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். இரண்டு அறை வீட்டில் ஜன்னல் உள்ள அறை அவருக்கு. அவர் கவிதை எழுதுகிறார் என்பதால் அந்த வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். மேஸ்திரிக்கு அந்தப் பாசமெல்லாம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த அது, அவர் பேனாவைத் திறந்ததும் தொண்டையைத் திறந்தது. மூன்று இழுப்பு, பிறகு ஒரு விக்கல், அதுதான் அதன் கத்தல். மாமா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். கழுதையைப் பின்பக்கம் கட்டச் சொல்லிப் பார்த்தார். பின்பக்கம் சாக்கடை என்றார் அப்பா. வேண்டுமானால் நீ அங்கே போய் எழுது என்றும் சொன்னார். அப்பா முரடர் என்று நாவலில் வந்தது இந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று அவள் நினைத்தாள்.

சூளைக்கு விடுமுறை விட்ட ஒருநாள் மத்தியானம், அவள் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பெரிய சாலை, பொரிக்கிற வெயில். மேஸ்திரி சாலையில் ஓடியது. பின்னால் மாமா, மடக்கிய குடையால் அதன் பிட்டத்தில் அடித்துக்கொண்டே ஓடினார். மேய்ச்சலுக்குத்தான் ஓட்டிப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு ஒருநாள்தான் மாமா மேல் அவளுக்குப் பிரியம் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கயிறு மட்டும் கிடந்தது. கழுதை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தார். அம்மா, பாவம் தம்பி, வெயிலில் தேடி அலைந்திருக்கிறான் என்று அவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தாள்.

கழுதையைத் தொலைத்ததற்காகச் சூளை முதலாளி அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சாலையோடு நடந்து போய்த் தேடினாள். தண்ணீர் லாரிக்காரர்களைக் கேட்டாள், டயர் கடையில் கேட்டாள். பதினோராம் நாள், இரண்டு மைல் தள்ளி, ஒரு மதில் சுவருக்குப் பின்னாலிருந்து மூன்று இழுப்பும் ஒரு விக்கலும் கேட்டது.

அது ஒரு செடி நர்சரி. மேஸ்திரி உள்ளே நிழலில் நின்று, விற்பனைக்கு வைத்திருந்த ஒரு செடியை வேரோடு தின்றுகொண்டிருந்தது. நர்சரிக்காரர் பருத்த மனிதர், காது கொஞ்சம் மந்தம். ஒருநாள் தானாக உள்ளே வந்தது, எருத் தொட்டி இழுக்க உபயோகமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன் என்றார். உன்னுடையதானால் கூட்டிக்கொண்டு போ என்றார்.

அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்தாள். அது அசையவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. அப்போதுதான் முதுகைக் கவனித்தாள். இரண்டு பக்கப் புண்ணும் காய்ந்து, மேலே வேப்பெண்ணெய் தடவிப் பளபளவென்றிருந்தது. எருத் தொட்டிக்குச் சக்கரம் உண்டு. முதுகில் பாரம் ஏறாது.

ஒன்பது வயதில் அவள் யோசித்தது ரொம்பச் சுருக்கமான விஷயம். வீட்டுக்குக் கூட்டிப் போனால் புண் வரும். இங்கே விட்டால் வராது. கயிற்றை விட்டுவிட்டாள்.

வீட்டில் அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் பத்து நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், முதலாளிக்குக் கோபம் ஆறுகிறவரை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மறுநாளே வேலைக்குப் போயிருப்பார். அவள் சொல்லவில்லை. அம்மா வடித்த கஞ்சியைக் குனிந்த தலை நிமிராமல் குடித்தாள். மாமாவும் அதே பந்தியில் உட்கார்ந்து குடித்தார். அந்தக் கூடத்தில் கழுதையைப் பற்றி உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் நர்சரிக்குப் போனாள். தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போவாள். மேஸ்திரிக்கு வயதாகி, பல் தேய்ந்து, கடைசியில் ஒரு சித்திரை வெயிலில் நிழலில் படுத்தது எழுந்திருக்கவில்லை. அவளுக்கு இருபத்தோரு வயது. நர்சரிக்காரர் குழி வெட்டினார். அவள் மண் தள்ளினாள். மடியில் தலையை எடுத்து வைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. கழுதையின் தலை கனமானது.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போனார். நாவலைப் படித்துவிட்டுப் பூரித்துப்போய், என் தம்பி எழுதினது என்று எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் காட்டித் திரிந்த அம்மாவும் ஐந்து வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். மாமாவுக்கு அறுபத்தொன்று ஆயிற்று. நரைத்த முடியை அவர் பின்பக்கம் நீளமாக வளரவிட்டிருந்தார்.

அப்படி நீளமுடியோடு ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தார். டோக்கன் வாங்காமல் நேரே மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் ஒரு கன்றுக்குட்டியின் குளம்பிலிருந்து கம்பித்துண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் நாவலின் இருபத்தைந்தாம் பதிப்பை வெளியிடுகிறார்கள் என்றும், நிஜச் சிறுமியை மேடையில் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை ஆசைப்படுகிறார் என்றும் சொன்னார். வேலை இருக்கிறது என்றாள். டாக்டரம்மாவுக்கு அரைகுறையாகக் காதில் விழுந்து, முழுசாக விசாரித்து, அந்தச் சிறுமியா நீங்கள் என்று கட்டுக்கார அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லீவும் அங்கேயே எழுதிக் கொடுத்தாள்.

“எங்க அக்கா மட்டும் இருந்திருந்தா முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க” என்றார் மாமா, குரல் தழுதழுக்க.

அவள் கன்றுக்குட்டியை அனுப்பிவிட்டு மேசையைக் கழுவினாள். தேய்க்கும்போதுதான் உறைத்தது. முதல் வரிசையில் அம்மா இருக்க மாட்டாள். அப்பாவும் இருக்க மாட்டார். இனி யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

“வர்றேன்” என்றாள்.

விழா அன்று பள்ளிக்கூடக் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்துத் தரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நாவலின் அட்டைப்படத்தைப் பெரிதாக வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளைக் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரிப்பன் சிறுமி. கழுதைக்குக் கண் மை போட்ட மாதிரி இமை. அதைப் பார்த்ததும் கட்டுக்கார அக்காவுக்கு கண் நோய்க்குச் சொட்டு மருந்து ஊற்றிய ஒரு பசு நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியை பேசினார். நன்றாக வளர்ந்த உள்ளங்கள்தான் இப்படிப்பட்ட நூலுக்குக் கண்ணீர் விடும் என்றார். பிள்ளைகளை அழச் சொல்லி இதைவிட நாசூக்காக உத்தரவு போட முடியாது. பிறகு மாமா எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார். நன்றாகத்தான் படித்தார். எங்கே நிறுத்தினால் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று இருபத்தோரு வருடப் பழக்கத்தில் அவருக்கு அத்துப்படி. அங்கே நிறுத்தினார். உறிஞ்சினார்கள். ஆசிரியைகள் முந்தானையை எடுத்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர்கூடக் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றார்.

மாமா அவளைக் கைகாட்டி, இதோ அந்தச் சிறுமி என்றார். கைதட்டல் ஓய்ந்ததும், மூன்றாம் வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்குழந்தை கை தூக்கியது. அது அழுதிருக்கவில்லை என்பதை அவள் முன்பே கவனித்திருந்தாள்.

“அது செத்தப்போ நீங்க எவ்வளவு நேரம் அழுதீங்க ஆன்ட்டி?”

“அது சாகல” என்றாள் கட்டுக்கார அக்கா.

மாமா சிரித்தபடி, நம் நினைவில் அது சாகவேயில்லை என்கிறார் என்று மைக்கில் விளக்கம் சொன்னார். அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். நினைவில் இல்லை, நர்சரியில், என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை இல்லை சாம்பல் என்றாள். காது கிழிந்தது என்றாள். கடித்ததைச் சொன்னபோது கடைசி வரிசைகள் எழுந்து நின்றன. தழும்பைக் காட்டச் சொன்னார்கள். அவள் கையை மடக்கிக் காட்டினாள். சற்று முன்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் கழுதை எத்தனை செடி தின்றது, நர்சரிக்காரர் திட்டினாரா, கழுதைக்கு எத்தனை பல் என்று கேட்டுத் துளைத்தார்கள். தலைமையாசிரியை இரண்டு முறை மணியடித்தும் யாரும் அடங்கவில்லை.

கண்ணாடிக் குழந்தை மறுபடியும் எழுந்தது. மழையில் தானாகப் போகவில்லை என்றால் எப்படிப் போனது என்று கேட்டது.

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த புத்தகம் மூடியிருந்தது.

“நல்ல வெயில்ல, ஒருத்தர் முடிச்சை அவுத்து, குடையால அடிச்சு விரட்டினாரு” என்றாள்.

“யாரு ஆன்ட்டி?”

“அவரும் இந்தப் புத்தகத்துல வர்றாரு. கண்டுபிடிங்க.”

பிள்ளைகள் அந்த நிமிடமே பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள். முந்தைய இருபத்து நான்கு பதிப்புகளையும் யாரும் இவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியையின் அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, தேநீர் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மாமா கோபமாகக் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்துத் தயாராக இருந்தாள். பதில்களெல்லாம் முப்பத்தொன்பது வருடமாகத் தீட்டி வைத்தவை. அவர் கத்தவில்லை.

“உண்மையாவே சாகலையா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“நான் பாத்தேம்மா. ரெண்டு நாள் கழிச்சு, ரோட்டுல ஒரு கழுதைய லாரி அடிச்சுப் போட்டிருந்துச்சு. தூரத்துல இருந்து பாத்தேன்.”

“அது வேற கழுதையா இருக்கும். கிட்டப் போய்க் காதைப் பாத்திருக்கணும்.”

“எப்படிப் போவேன்?” என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “இத்தனை வருஷமா நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேன். நீ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றார்.

“நீங்க கேக்கல மாமா.”

அவர் அழுதார். மேடையில் குரல் தழுதழுக்குமே, அந்த அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, பார்க்கச் சகிக்கவில்லை. கைக்குட்டை கொண்டுவந்திருக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து ஒரு சுருள் கட்டுத்துணியை எடுத்துக் கிழித்துக் கொடுத்தாள். செத்ததற்கு ஒரு நாவல் முழுக்க அழுத ஆள், சாகாததற்கும் அழுகிறாரே என்று இளக்காரமாக நினைக்கப் பார்த்தாள். பாதிதான் முடிந்தது. மீதிப் பாதியில், அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாள் வந்து நின்றது. அதைப் பற்றி மேடையில் அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது காரில் அவர் நர்சரியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். என்ன தின்றது, எங்கே கட்டியிருந்தார்கள், வெயில் காலத்தில் என்ன செய்தார்கள். அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் மேஸ்திரி மதிலோரம் வந்து நிற்கும், முகவாயை மதில்மேல் வைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கும், அவள் பக்கத்தில் வந்த பிறகும் திரும்பாது, அப்படியே பக்கத்துக்குப் பக்கம் நிற்பார்கள் என்றாள். அவர் குறிப்பு ஏதும் எடுக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பேனாவைக்கூட எடுக்கவில்லை. மனிதர் திருந்திவிட்டார்போல என்று ஒரு கணம் நம்பினாள்.

எட்டாவது மாதம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. நாவலின் இரண்டாம் பாகம். அட்டையில் கழுதை இப்போதும் வெள்ளைதான், ஆனால் உயிரோடு இருந்தது. சாலையோரத்தில் செத்தது வேறு கழுதை என்று முதல் அத்தியாயத்திலேயே கவிஞனுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் கிட்டப் போய்க் காதைப் பார்க்கிறான். அங்கிருந்து ஊரெல்லாம் அலைந்து, பதினோராம் நாள், ஒரு செடி நர்சரியில் அவனே கழுதையைக் கண்டுபிடிக்கிறான். கொளுத்துகிற வெயிலில் கழுதைக்குக் குடை பிடித்தபடி நிற்கிறான். பிறகு சிறுமியின் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டி, இங்கே இதற்குப் புண் வராது கண்ணே, விட்டுவிடுவோம் என்று அவளுக்குப் புத்தி சொல்கிறான். சிறுமி அழுதுகொண்டே தலையாட்டுகிறாள்.

கட்டுக்கார அக்கா மருந்து அறையில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரித்தாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கையில் புத்தகத்தையும் கண்ணில் தண்ணீரையும் கண்டு, அவ்வளவு உருக்கமா அக்கா என்று கேட்டாள்.

“ரொம்ப” என்றாள்.

ஆனால் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில், இரண்டு பெரிய புலம்பல்களுக்கு நடுவே, ஒரு வரி தனியாக நின்றது. அது மதில்மேல் முகவாயை வைத்துச் சாலையைப் பார்த்தது, அவளும் பார்த்தாள். அவ்வளவுதான். இமை இல்லை, கண்ணீர் இல்லை, ஓர் அடைமொழிகூட இல்லை. எப்படித் தப்பி உள்ளே வந்ததோ தெரியவில்லை. அதை இன்னொரு தடவை படித்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மாமாவுக்குப் போன் செய்தாள். அம்மா போனதிலிருந்து அவளாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“படிச்சுட்டேன்” என்றாள்.

அவர் திட்டு விழும் என்று காத்திருப்பது மூச்சிலேயே தெரிந்தது. எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

“நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு வரி நல்லாருக்கு.”

“ஒரு வரிதானா?”

“மொதல் பாகத்துல அதுவும் இல்லையே மாமா.”

அந்தப் பக்கம் மனிதருக்கு எத்தனை சந்தோஷம்! முதல் பாகத்துக்கு விருது வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். சின்னப் பிள்ளை மாதிரி, எந்த வரி, எந்த வரி, படித்துக் காட்டு என்றார். இவருக்கு வெட்கம் என்பதைக் கடவுள் வைக்கவே மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே அவள் படித்துக் காட்டினாள். அவர் மூன்றாம் பாகம் என்று ஆரம்பித்தபோது, வெளியே பெஞ்சில் ஒரு கிழட்டு நாயோடு யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. வேலை வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.